அரைப்பேருக்கு நான் எழுதிய பொருள்

ஒரு கூட்டம் ஒரே மூச்சில் சிரிக்கும் சத்தம் எங்கே கேட்டாலும் எனக்கு அடிநாக்கு புளிக்கிறது. கல்யாண மண்டபமோ, ஊட்டி பஸ்ஸின் கடைசி சீட்டோ, எதுவானாலும் சரி. அந்தச் சத்தத்துக்குள் ஒரு கேசட் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

வெலிங்டன் குவார்ட்டர்ஸில் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா போடும் கேசட் அது. நகைச்சுவை நடிகர் ஒருவர் எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய் மேடையில் பேசியது. அதில் ஓரிடம். கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, "இன்னைக்கு எனக்கு அரைப்பேருங்க ஐயா" என்கிறாள். "அப்ப மீதிப் பாதி எவங்கூடம்மா?" என்கிறார் அவர். சிரிப்பு வெடிக்கிறது. அப்பா தொடையில் தட்டிச் சிரிப்பார். அம்மா தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வாள். எனக்கு அர்த்தம் தெரியாது; ஆனாலும் அவர்களைவிட உரக்கச் சிரித்தேன்.

பல வருடம் கழித்து அந்த நடிகருடைய வாழ்க்கையை எழுதும் வேலை என்னிடம் வந்தது. பெண்களைக் கேவலப்படுத்திப் பிழைத்தவர் என்று அவருக்குக் கொடும்பாவி எரித்தவர்கள் உண்டு. குன்னூர் வீட்டில், கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, அதற்கெல்லாம் அவர் வைத்திருந்த பதில் ஒன்றுதான்.

"அந்தப் பொம்பளையே விழுந்து விழுந்து சிரிச்சா தம்பி. அவளுக்கு வலிக்கலீங்க, இவங்களுக்கு என்னங்க வலி?"

சரிபார்த்தேன். அவருடைய குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர், ஆமாம், சிரித்தாள் என்றார். அந்த நிகழ்ச்சியைப் பத்திரிகையில் எழுதியவரும், ஆமாம், சிரித்தாள் என்றார். மூன்று பேர் சொல்லியாகிவிட்டது. எழுதினேன். கீழே ஓர் அடிக்குறிப்பும் சேர்த்தேன்: 'அரைப்பேர் – எஸ்டேட் கொச்சை, இருவருக்குப் பொதுவானவள்.' அந்தப் பொருளை எனக்கு யாரும் சொல்லவில்லை. கேசட்டின் சிரிப்புதான் சொன்னது.

அவளைத் தேடி நான் போனது உண்மைக்காக அல்ல, ஒரு போட்டோவுக்காக. பதிப்பாளர் கேட்டார். அந்த நிகழ்ச்சி நடந்த எஸ்டேட் இருக்கும் சேரங்கோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடையில் விசாரித்தேன். கடைக்காரர் பல்லைக் காட்டினார். "அரைப்பேரு ஊடுங்களா? அந்த லைன்ல கடைசிங்க." இத்தனை வருடமும் அதுதான் அவளுக்குப் பெயர்.

அந்த அம்மாள் அறுபதைத் தாண்டியிருப்பார். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். பிளேன்டீயும் ஒரு துண்டுக் கருப்பட்டியும் வைத்தார். எழுதியதைச் சரிபார்க்க வேண்டும் என்று நானே உரக்கப் படித்தேன். அடிக்குறிப்பையும் விடவில்லை. வெட்கம் கெட்டவன், நிறுத்தி நிதானமாகப் படித்தேன்.

படித்து முடிக்கும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு கேட்டார்.

"இது யாரு சொன்ன அர்த்தம் ஐயா?"

அடிக்குறிப்பைக் கட்டைவிரலால் மூடினேன்.

"ஒரு நா முழுக்கக் கொழுந்தெடுத்தா ஒரு பேரு, முழுச் சம்பளம். பாதியில எறங்கி வந்துட்டா அரைப்பேரு, அரைச் சம்பளம். அவ்வளவுதானே. அவரு வாறாருன்னு கேட்டு மலையிலருந்து ஓடியாந்தேன். உங்களப் பாக்க அரைப்பேரோட வந்திருக்கேன்னு சொல்லத்தான் எந்திரிச்சேன். சொல்லி முடிக்க விடல்லியே."

"நீங்க சிரிச்சீங்களாம்மா?"

"கூட நின்னவுகல்லாம் சிரிச்சாக. அவுகளுக்கும் அர்த்தம் தெரியும், தெரிஞ்சுதான் சிரிச்சாக. எங்க வீட்டுக்காரரு அதுக்கப்புறம் சாகும்மட்டும் என்கூட ஒரு இடத்துக்கு வந்ததில்ல." டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "பேரு போனது போகட்டும். நான் சிரிச்சேங்கிறத மட்டும் எடுத்துருங்க ஐயா. அது பொய்யி."

டீ ஆறிப்போயிருந்தது. அதைக் குடிக்க எனக்குத் தகுதி இல்லை என்று தோன்றியது. குடிக்காமல் எழுவது அதைவிடக் கேவலம் என்றும் தோன்றியது. குடித்தேன். போட்டோ எடுக்கவில்லை.

ஊர் திரும்பி ஆர்மோனியக்காரரை மறுபடி கேட்டேன். "நான் எங்கீங்க பாத்தேன்? பெட்டி மேல குனிஞ்சிருந்தனுங்க. அண்ணன் சொன்னாரு." பத்திரிகைக்காரர் அன்றைக்கு அந்த எஸ்டேட்டுக்கே போகவில்லை. அவருக்கும் நடிகர்தான் போனில் சொன்னாராம். மூன்று வாய், ஒரே எச்சில். அதை வழித்து என் பேனாவில் ஊற்றி எழுதியிருக்கிறேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், பைத்தியக்காரத்தனம்தான்.

கையெழுத்துப் பிரதியோடு குன்னூருக்குப் போனேன். அவருடைய ஒப்புதல் கையெழுத்து இல்லாமல் புத்தகம் அச்சேறாது.

"அரைப்பேருன்னா என்னன்னு அன்னைக்கு உங்களுக்குத் தெரியுங்களா?"

"ஏனுங்க, நான் எஸ்டேட்டுல பேரு எழுதற கணக்கப்பிள்ளை மவனுங்க. எங்கப்பன்கிட்ட வேலை செஞ்சது பூராச் சிலோன்காரங்க. தெரியாம இருக்குமா? தெரிஞ்சதுனாலதான தம்பி ஜோக்கே வந்துச்சு!" இருமலும் சிரிப்புமாகக் கம்பளி குலுங்கியது.

"அவங்க சிரிக்கலீங்க. நேர்ல போய்க் கேட்டுட்டேன். அந்த வரியை எடுத்துடறேன்."

சிரிப்பு நின்றது. "அந்த வரி இருந்தாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன். அது இல்லீன்னா எனக்கு எதுக்குங்க புஸ்தகம்?"

இரண்டு வருட உழைப்பு. பிரதியை நாடாவால் கட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தேன்.

"போறேனுங்க."

"போறேன்னு சொல்லப்படாதுங்க தம்பி. போயிட்டு வர்றேன்னு சொல்லுங்க."

"இல்லீங்க. போறேன்."