பாவுக்குக் கீழே போன தீயணைப்பு வண்டி

முதலில் எரிந்தது ஒரு துடைப்பம்.

சிரிக்காதீர்கள். எங்கள் தெருமுனைக் குப்பைத் தொட்டியின்மேல் யாரோ சாய்த்து வைத்திருந்த தென்னந்துடைப்பம். விடிந்தும் விடியாத நேரம். பால் வாங்கப் போன நான்தான் முதலில் பார்த்தேன். ஒரு சொம்புத் தண்ணீரில் அணைந்துவிட்டது. யாரோ பீடியை அணைக்காமல் வீசியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, பாலைக் காய்ச்சப் போய்விட்டேன்.

சில நாள் கழித்து, கால் உடைந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அடுத்து, யாரோ தூக்கிப்போட்ட இலவம்பஞ்சு மெத்தை. அதற்கடுத்து, போன வருடத்துக் காதுகுத்து பேனர். அதில் குழந்தையின் முகம் மட்டும் தப்பியிருந்தது. வாழ்த்திய மாமன்மார்கள் அத்தனை பேரும் கருகிப் போயிருந்தார்கள்.

அப்போதுதான் தெருவுக்கு உறைத்தது. இது பீடி இல்லை... யாரோ வைக்கிறார்கள்!

துடைப்பத்துக்கும் மெத்தைக்கும் இவ்வளவு பதற்றமா என்று கேட்பீர்கள். இது ஆரணி. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. தறி என்றால் மரம், கயிறு, பட்டு — மூன்றும் நெருப்புக்குப் பிடித்த சாப்பாடு. நான் நெசவுக் குடும்பம் இல்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. ஆனால் என் வீட்டின் இரண்டு பக்கச் சுவர்களுக்கு அப்பாலும் தறிதான். துடைப்பத்தில் ஆரம்பித்தது எங்கே போய் முடியும்?

பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம் போட்டோம். முறைப்படி நடந்திருந்தால் முதலில் தீயைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். ஆனால் தலைவர் யார் என்பதில் ஆரம்பித்து, மேலத்தெருக்காரர்கள் கீழத்தெருக்காரர்களைப் பார்த்து, “எரிஞ்சதெல்லாம் எங்க பக்கம், தலைவர் மட்டும் உங்க பக்கமா?” என்று கேட்கும் வரைக்கும் போய்விட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஜெயராமன் எழுந்தார்.

ஜெயராமன் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். சேத்துப்பட்டு ரூட்டில் வாழ்நாள் முழுக்க ஓடியவர். நெரிசலான பஸ்ஸில் அவர் “உள்ள போ” என்றால் உள்ளே இடமே இல்லாவிட்டாலும் ஜனம் போகும். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் அவர் “காபி” என்று கேட்டால், டிவி விளம்பரத்துக்குப் போகும் வரை காத்திருக்க வேண்டும். அவர் மனைவியே சொல்லிச் சிரித்த சங்கதி இது.

சட்டைப் பையிலிருந்து அவர் விசிலை எடுத்தார். “தலைவரெல்லாம் வேணாம். ஒரு விசில் அடிச்சா, தீ. இருக்கிற வேலையைப் போட்டுட்டு ஓடியாங்க. ரெண்டு விசில் அடிச்சா, அணைஞ்சிடுச்சி, வூட்டுக்குப் போங்க. புரிஞ்சுதா?”

மறுநாளே ஒத்திகை. அவர் ஒரு விசில் அடித்தார். தெருக்காரர்கள் பாதிப் பேர் ஓடி வந்தார்கள், பாதிப் பேர் எட்டிப் பார்த்தார்கள். மெயின் ரோட்டில் போன மினி பஸ் நின்றது. ரெண்டு விசில் அடித்தார். மினி பஸ் கிளம்பியது. ஒத்திகையில் ஒழுங்காக நடந்துகொண்டது அந்த மினி பஸ் மட்டும்தான்.

அத்துடன் ஒரு வாட்ஸப் குழுவும் தொடங்கினோம். அதில் வந்தவற்றைப் படித்தால் எரிச்சலிலேயே பற்றிக்கொள்ளும். “சாமி விளக்கு ஏத்தப் போறேன், யாரும் பதற வேணாம்.” “எங்க வூட்டுப் புகை, கொசுவத்தி.” “தோசை கருகிடுச்சி, வேற ஒண்ணும் இல்ல.” ஒருவர் தினமும் காலையில் ரோஜாப்பூ படத்துடன் தீயில்லா நாள் வாழ்த்துகள் அனுப்ப ஆரம்பித்தார்.

சந்தேகம் யார்மேல் விழும்? தீப்பெட்டி வைத்திருப்பவர்கள்மேல். தெருவில் பீடி, சிகரெட் பிடிக்கிற ஆண்களை ஊரே முறைத்தது. அவர்கள் பயந்துபோய்ப் பழக்கத்தையே விட்டார்கள். எதிர்வீட்டு வசந்தா ஒரு நாள் என்னைத் தனியாக அழைத்தாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காதீங்க. அந்த ஆளை இன்னும் ரெண்டு மாசம் பிடிக்காம இருக்க முடியுமா?”

“ஏண்டி?”

“எங்க வூட்டுக்காரரு இப்பதான் பீடியை விட்டிருக்காரு. பிடிச்சிட்டீங்கன்னா மறுபடி ஆரம்பிச்சிடுவாரு.”

இப்படியாக, பாதித் தெரு தீக்குப் பயந்துகொண்டும் மீதித் தெரு தீயால் பலனடைந்துகொண்டும் இருந்தபோதுதான் போன வாரத்துக் காலை வந்தது.

அன்று தனசேகர் வீட்டில் பாவு நீட்டினார்கள். சேலையில் நீளவாட்டில் ஓடுகிற நூல்தான் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெருவின் நடுவில் நீளமாக இழுத்துக் கட்டி, மூங்கில் கொம்புகளில் தாங்கி, கஞ்சி போட்டு, அறுந்த இழைகளை முடிந்து காய வைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள், ஒவ்வொன்றும் முடி மாதிரி. அது காயும் வரை தெருவுக்கு அதுதான் ராஜா. பால்காரர் வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். எங்கள் தெரு நாய்கள்கூட ஓரமாகத்தான் போகும்.

அன்றைய பாவு சாதாரணப் பாவு இல்லை. தனசேகரும் அவர் மனைவி கஸ்தூரியும் கல்யாணமான நாளிலிருந்து ஊரார் கல்யாணங்களுக்கே நெய்தவர்கள். இது கஸ்தூரியின் தங்கை கல்யாணத்துக்கு. சொந்த நூல். மாம்பழ மஞ்சள். முகூர்த்தம் நெருங்கிவிட்டது, இந்தப் பாவு போனால் மறுபடி நூல் வாங்கிச் சாயம் போட்டு நெய்ய நாள் இல்லை. அதனால் அக்கம்பக்கம் எல்லோரும் கைகொடுக்க வந்திருந்தோம்.

கஞ்சி அடித்து முடித்த நேரத்தில் யாரோ கத்தினார்கள். “புகை! புகை!”

தெருவின் கடைசி வீடு. தனசேகருடைய வீடுதான்! தறி அறையை ஒட்டிப் போட்டிருந்த தென்னங்கீற்றுச் சார்ப்பு பற்றிக்கொண்டிருந்தது.

தண்ணீர் வாளிகளைத் தேடினோம். குழுவின் சார்பில் தெரு முழுக்க வாளிகளில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தோமே... எல்லாம் காலி. அந்தத் தண்ணீரைத்தான் காலையில் கஞ்சி கரைக்க எடுத்திருந்தார்கள். குழாயில் தண்ணீர் வருகிற நாளும் இல்லை. வீட்டுக் குடங்களில் இருந்ததை ஊற்றினோம். சார்ப்பு ‘உஸ்’ என்று ஒரு மூச்சு விட்டுவிட்டு மறுபடி எரிந்தது.

நல்லவேளை, யாரோ போன் போட்டிருந்தார்கள். தீயணைப்பு நிலையத்துச் சின்ன வண்டி வந்துவிட்டது. வந்து, தெருமுனையில் நின்றது. இரண்டு பக்கமும் வீட்டுப் படிகள் பிதுங்கி நிற்கிற தெரு. நடுவில் நீளத்துக்கும் ஈரப் பாவு. அதைத் தாண்டி, கடைசியில் தீ. அதற்கு அப்பால் சுவர். வேறு வழியே கிடையாது.

அதிகாரி இறங்கி வந்தார். “அறுத்துப் போடுங்கப்பா அதை! வண்டி போகணும்.”

ஆரணியில் நின்றுகொண்டு பாவை அறு என்று ஒருவர் சொல்வதை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

தனசேகர் பாவு கட்டியிருந்த கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “எரியறது என் வூடு சார். பாவும் என் பாவு. ரெண்டும் என்னுது. உங்களுக்கு இன்னா பேஜாரு?”

“யோவ், உள்ள தறி இருக்குதுய்யா!” என்று கஸ்தூரி அலறினாள். “தறி பூட்டா இந்தப் பாவை எதுல ஏத்துவ? உன் தலையிலயா?”

“பாவு பூட்டா தறியை வெச்சி இன்னா பண்ணுவ?”

இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். தீர்ப்புச் சொல்லத்தான் நேரமில்லை.

ஓரமாக நகர்த்தலாம் என்றார் ஒருவர். சுவரில் ஒட்டிக்கொண்டால் இழை இழையாகப் பிய்ந்துவிடும் என்றார்கள். கஸ்தூரி மேலே பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். பிறகு ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

“தூக்குங்க!”

மேலத்தெரு, கீழத்தெரு எல்லாம் அதோடு போயிற்று. கைக்குக் கிடைத்த மூங்கிலை ஒவ்வொருவரும் பிடித்தோம். சிலர் வாசற்படியில் ஏறினார்கள், சிலர் ஸ்டூலில், ஒருவர் யாருடைய பைக் சீட்டிலோ. கம்பத்தில் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். மஞ்சள் பாவு மெதுவாக மேலே எழுந்து, எங்கள் தலைகளுக்குமேல் பந்தல் மாதிரி நின்றது. எனக்குக் கிடைத்தது நடுவில் ஒரு கொம்பு. மணிக்கட்டு வழியாகக் கஞ்சி ரவிக்கைக்குள் இறங்கியது.

இவ்வளவு நேரமும் ஜெயராமன் தெருமுனையில் நின்று விசில் அடித்துக்கொண்டே இருந்தார். ஒரு விசில். யாரும் திரும்பவில்லை. மறுபடி ஒரு விசில். “நான் சொல்றதைக் கேளுங்க!” என்றார். யார் கேட்பது? எல்லோருடைய கண்ணும் பாவின்மேல்.

அப்போது அவர் சட்டைப் பையில் கையை விட்டார். தீப்பெட்டியை எடுத்தார். குப்பைத் தொட்டி ஓரமாகக் கிடந்த ஓர் அட்டைப் பெட்டிக்குக் குனிந்து... தீ வைத்தார்.

பட்டப்பகலில். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது!

“அடப்பாவி! ஜெயராமன்டா!” என்று யாரோ கத்தினார்கள். “பிடிங்கடா அவரை!”

“நீ போய்ப் பிடி.”

“நான் விட்டா இந்தப் பக்கம் தொங்கிடும். நீ போ.”

“என் பக்கம் மட்டும் தொங்காதா? வசந்தா புருஷனை அனுப்பு.”

“நான் ஸ்டூல் மேல நிக்கறேன்யா, எனக்கு எறங்கவே ஆள் வேணும்!”

ஒருவரும் அசையவில்லை. இத்தனை நாள் தேடிய ஆள் கண்ணெதிரே நிற்கிறார். தெருவே கைகளைத் தூக்கிக்கொண்டு, போலீஸிடம் சரணடைந்த கொள்ளைக் கூட்டம் மாதிரி நிற்கிறது.

இதற்குள் வண்டி மெல்ல நுழைய ஆரம்பித்தது. வசந்தாவின் கணவருக்கு மூச்சு வாங்கியது. அவர் கொம்பு நடுங்கி இறங்கியது. பாவு தொய்ந்து, வண்டியின் உச்சியில் சுழல்கிற சிவப்பு விளக்கை நோக்கி வந்தது. அதில் ஓர் இழை சிக்கினால் போதும், மொத்தப் பாவையும் சுருட்டிக்கொண்டுவிடும்.

கஸ்தூரியின் குரல் கிழிந்தது. “ஜெயராமண்ணே! தீயை அப்புறம் வெச்சிக்கலாம்! ஜல்தியா வந்து இந்தக் கொம்பைப் பிடிங்க!”

அவர் அட்டைப் பெட்டியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அவரை ஒருவர் அவசரமாகக் கூப்பிட்டு எத்தனை வருடம் ஆகியிருக்கும்? பெட்டியைச் செருப்புக் காலால் மிதித்து அணைத்தார். ஓடி வந்தார். கொம்பைப் பிடித்து நிமிர்த்தினார். இரண்டு கையும் வேலையில் இருந்ததால், பல்லிடுக்கில் விசிலைக் கவ்விக்கொண்டே ஆரம்பித்தார்.

“முன்னாடி கொஞ்சம் தூக்கு... ஸ்டூல்காரரே, இன்னும் மேல... டிரைவர், லெஃப்ட்ல ஒடிங்க, படி இருக்குது... வா... வா... வா... ஹோல்டான்!”

ஒரு விசில். வண்டி நின்றது. நாங்கள் கொம்பை இன்னும் உயர்த்தினோம்.

இரண்டு விசில். வண்டி நகர்ந்தது.

அன்று அவர் சொன்னதை யாரும் தட்டவில்லை. பாவிலிருந்து சொட்டிய கஞ்சி வண்டியின் கண்ணாடியை மறைத்தது. டிரைவர் வைப்பரைப் போட்டார். மழையில்லாத ஆரணியில், கஞ்சிக்கு வைப்பர் போட்ட முதல் வண்டி அதுவாகத்தான் இருக்கும்.

தீ அணைந்தது. சார்ப்பு சாம்பல். தறி அறையின் கதவு கருகியிருந்தது, தறி தப்பித்தது. பாவில் கொஞ்சம் இழைகள்தான் அறுந்திருந்தன. கஸ்தூரி அழுதுகொண்டே ஒவ்வொன்றாக எடுத்து முடிந்தாள். முடித்த பிறகுதான் வீட்டுக்குள் போய்ப் பார்த்தாள்.

போலீஸ் வந்தது. ஜெயராமன் ஓடவில்லை, ஒளியவில்லை. பஸ் நிறுத்தங்களைச் சொல்வதுபோல் ஸ்டேஜ் ஸ்டேஜாகச் சொன்னார். “துடைப்பம் நான் சார். நாற்காலி நான். மெத்தை, பேனர், இந்த அட்டைப் பெட்டி... எல்லாம் நான். தனசேகரு வூட்டுது மட்டும் நான் இல்ல. அது சார்ப்புல அவங்க கஞ்சி காய்ச்சின அடுப்பு. அணைக்காம வந்துட்டாங்க.”

அது உண்மைதான். கஸ்தூரி தலையைக் குனிந்துகொண்டாள். ஊரையே நடுங்க வைத்த தீக்களில் எதுவும் ஒருவர் தலைமயிரைக்கூடப் பொசுக்கவில்லை. வீட்டை எரிக்கப் பார்த்தது, யாரும் வைக்காத தீ.

“ஏன்யா இந்த வயசுல இந்த வேலை?” என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

ஜெயராமன் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டார். “தீன்னா திரும்பிப் பாக்கறாங்க சார்.”

அதைக் கேட்டு அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கும் சங்கடமாக இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கிறாரோ? நாம் டிவி விளம்பரம் வரட்டும் என்று காக்க வைக்கிற ஒருவர்? அதற்காகத் தீ வைக்கலாமா என்றால், கூடாது. நிச்சயமாகக் கூடாது. வழக்குப் போட்டார்கள், போட்டதும் சரி. சாயந்திரம் ஜாமீன் கையெழுத்துக்குத் தனசேகரே போனார் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் சப்-இன்ஸ்பெக்டருக்கு ஒரு விஷயம் மட்டும் கடைசி வரை புரியவில்லை. வெளியூர்க்காரர், பாவம். எங்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்திக் கேட்டார்.

“கண்ணு முன்னால தீ வைக்கிறான். இத்தனை பேர் பாத்துக்கிட்டு நின்னீங்க. ஒருத்தர்கூடப் போய்ப் பிடிக்கலையா?”

“கையில பாவு இருந்துதுங்க” என்றார் தனசேகர்.

சப்-இன்ஸ்பெக்டர் பக்கத்தில் இருந்த கான்ஸ்டபிளைத் திரும்பிப் பார்த்தார். அவர் உள்ளூர்க்காரர்.

“அப்ப எப்படி சார் விட முடியும்?” என்றார் அவர்.