கிழிக்காமல் நின்ற செவ்வாய்க்கிழமை

வெள்ளிக்கிழமை காலை ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் மையத்தின் ஷட்டரை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. "அக்கா போயிட்டாங்க, பாபு" என்றார் ரெஜினா அக்காவின் தம்பி. நான் ஷட்டரை ஓங்கிக் குத்தினேன். வலது கை வீங்கிவிட்டது. இந்த அஞ்சலியை இடது கையால்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை மண்டையில் விழுந்த ஓர் அடியோடு அக்கா கண் திறக்காமலே போய்விட்டார்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரெஜினா அக்கா கைப்பேசிச் செயலிகள் வடிவமைப்பவர். சாந்தோமில் தலைமுறை தலைமுறையாக ஆசிரியர் வேலை பார்த்த குடும்பம். தி.நகர் ஜவுளிக்கடைகளுக்குச் செயலி செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு எங்களிடம் வந்தார். எங்களிடம் என்றால், போதை ஊசி போட்டு, அந்த ஊசி வழியாகவே எச்.ஐ.வி. தொற்றிக்கொண்டவர்களிடம். நானும் அவர்களில் ஒருவன்தான். இப்போது மையத்தில் ஆலோசகன். இந்த நோய்க்கு மாத்திரை இருக்கிறது. தினமும் போட்டால் எல்லோரையும்போல வாழலாம். அந்த 'தினமும்'தான் எங்களுக்கு வராது. அதற்கு ஒரு வழி செய்யத்தான் அவர் வந்தார்.

வந்த அன்றே அடி வாங்கினார். ஊசி கிடைக்காமல் முறுக்கிக்கொண்டிருந்த ஒருவன் ஸ்டூலைத் தூக்கி வீச, அது அவர் நெற்றியைக் கிழித்தது. புடவையெல்லாம் ரத்தம். நான் அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதப் போனேன். "விடு பாபு. நீ அடிச்சா நாளைக்கு அவன் வரமாட்டான். வராதவனுக்கு நான் எதைச் செஞ்சு குடுக்கறது?" என்றார், முந்தானையை நெற்றியில் அழுத்திக்கொண்டே. தையல் போட்டுக்கொண்டு மதியமே திரும்பி வந்தார். உங்கள் ஃபோனை வீட்டில் வேறு யார் எடுப்பார்கள், எதற்கு எடுப்பார்கள் என்று ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேட்டார். ஸ்டூல் வீசியவனிடமும் கேட்டார்.

அவர் முதலில் செய்த செயலி காலையில் மணி அடிக்கும். திரையில் மாத்திரையின் பெயர் வரும். அடையாற்றுக் கரையில் குடியிருக்கும் ஏழுமலை ஆசையாக அதை வாங்கிக்கொண்டான். இந்த அஞ்சலியில் தன் பெயரை மறைக்காமல் எழுதச் சொன்னது அவன்தான். ஒரு நாள் அவன் குளிக்கப் போயிருந்த நேரத்தில் மணி அடித்தது. ஆட்டோ ஓட்டும் அண்ணன் முருகேசன் அதை எடுத்துப் பார்த்தான். பெயரைத் தன் ஃபோனில் தேடி, என்ன மாத்திரை என்று தெரிந்துகொண்டான். ஈரத்துண்டோடு வந்த தம்பியைக் கீழே தள்ளி முகத்தில் மிதித்தான். முன்பற்கள் போயின. தம்பியின் தட்டையும் பாயையும் ஆற்றில் எறிந்தான். வேலைக்குப் போயிருந்த அம்மாவிடம், ஊசி போட்டதற்காக அடித்ததாகச் சொன்னான். உண்மை தெரிந்தால் அம்மா கத்தி அழுவார், தெருவுக்கே தெரிந்துவிடும், தன் மகளுக்கு வரன் அமையாது என்பது அவன் பயம்.

ஏழுமலையின் வாயைப் பார்த்துவிட்டு அக்கா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. "அவன் பல்ல உடைச்சது நான் வெச்ச மணி" என்றார்.

பிறகு செய்ததுதான் நாள்காட்டி. பார்த்தால் சாதாரணத் தினசரி காலண்டர். தேதி, நல்ல நேரம், ராகு காலம், மேலே சாமி படம். மணியும் கிடையாது, மாத்திரை என்ற பேச்சும் கிடையாது. காலையில் நேற்றைய தாள் நிற்கும். மாத்திரையை விழுங்கியதும் தாளை விரலால் இழுத்துக் கிழித்தால் இன்றைய தேதி வரும்; மையத்துக்கும் தகவல் வந்துவிடும். வேதக்காரர் ராகு காலம் போடலாமா என்று சீண்டினேன். "யேசு கோச்சுக்க மாட்டாரு. நீ மொதல்ல உன் மாத்திரைய முழுங்கு" என்றார்.

தவறவிட்ட நாட்களைச் சிவப்பில் காட்டலாமே என்று மருத்துவர்கள் கேட்டார்கள். அக்கா ஒரே பிடியாக மறுத்துவிட்டார். அவர் செய்தபடி, கிழிக்காவிட்டால் பழைய தேதி அப்படியே நிற்கும். மறுபடி மாத்திரை போட்டுக் கிழித்தால் விட்டுப்போன தாள்களெல்லாம் சேர்ந்து உதிர்ந்து அன்றைய தேதி வந்துவிடும். "இவங்க வாங்குற அடி பத்தாதா, ஃபோனும் அடிக்கணுமா? இன்னிக்குப் போட்டா இன்னிக்கு நல்ல நாள்" என்பார்.

ஏழுமலையின் தாள் ஒரு நாள் தவறாமல் கிழிந்தது. நாங்கள் பூரித்துப்போனோம். அவனோ இளைத்துக்கொண்டே போனான். வாயெல்லாம் வெள்ளைப் புண். பரிசோதனையில் கிருமி ஏறியிருந்தது. ஏமாற்றுகிறாயா என்று நான் கையை ஓங்கிவிட்டேன். "சத்தியமா நான் கிழிக்கலண்ணே. ஃபோனு வூட்லயே கீது. நான் பாலத்துக்குக் கீழ ஊசி போட்டுக்கினு கெடந்தேன்" என்றான்.

மறுநாள் காலை அக்காவும் நானும் அவன் வீட்டுக்குப் போனோம். அவன் அம்மா தனலட்சுமி விளக்கேற்றினார், அலமாரியிலிருந்து ஃபோனை எடுத்தார், கட்டைவிரலால் தாளை இழுத்துக் கிழித்தார், ராகு காலம் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். "விடிஞ்சா தேதி கிழிக்கணும்மா. நேத்து தேதி தொங்கிக்கினு இருந்தா வூட்டுக்கு ஆவாது" என்றார் எங்களிடம். அக்கா வாசலிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "எங்க அம்மாவும் காலங்காத்தால இதத்தான் செய்வாங்க. காலண்டர செஞ்சவ அம்மாவ மறந்துட்டேன், பாபு."

"செயலிக்குப் பூட்டு போட்டுடலாம். இல்லன்னா அம்மாகிட்ட சொல்லிடலாம். நீ சொல்றதுதான்" என்று அக்கா ஏழுமலையிடம் கேட்டார். அவன் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. பிறகு அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவனே சொன்னான். தனலட்சுமி அம்மா கத்தவில்லை. செருப்பைக் கழற்றி மகனை அடி அடியென்று அடித்தார். கை ஓய்ந்ததும், "மாத்திர எங்க?" என்று கேட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் ஃபோனோடு அவன் எதிரில் நிற்பார். "முழுங்கு நைனா. நீ முழுங்குனாத்தான் நான் கிழிப்பேன்." அவன் உடம்பு தேறியது. பாலத்தடிக்குப் போவதையும் விட்டான்.

செவ்வாய்க்கிழமை, செயலி எப்படிப் போகிறது என்று பார்க்க அக்கா அங்கே போயிருந்தார். மாத்திரை போட்ட மகனுக்குத் தனலட்சுமி அம்மா வீட்டுத் தட்டிலேயே இட்லி வைத்தார். முருகேசன் பார்த்துவிட்டு, எல்லோரும் சாப்பிடும் தட்டிலா என்று கத்தினான். "எனக்கு எல்லாம் தெரியும்டா" என்றார் அம்மா. அவன் ஆட்டோவிலிருந்து ஜாக்கிக் கம்பியை உருவிக்கொண்டு வந்தான். ஏழுமலையை நோக்கி ஓங்கினான். அக்கா குறுக்கே போனார். "அடிக்காதப்பா, இப்பதான் மாத்திர போட்டிருக்கான்" என்றாராம். கம்பி அவர் மண்டையில் இறங்கியது. அக்கா பேசியது அதுதான் கடைசி.

முருகேசன் சிறையில் இருக்கிறான். அவனை மன்னிக்க எனக்கு மனம் இல்லை. அக்காவாக இருந்தால் அவன் என்ன ஃபோன் வைத்திருக்கிறான் என்று விசாரித்திருப்பார்.

இன்று காலை கல்லறைத் தோட்டத்தில் ஏழுமலை கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். "எனக்கு மாத்திர வாணாம்ணே. நான் முழுங்காம செத்திருந்தா அக்கா உசுரோட இருந்திருக்கும்" என்றான். பக்கத்தில் தனலட்சுமி அம்மா. கையிலிருந்த ஃபோனில் செவ்வாய்க்கிழமை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. நேற்றைய தேதி நின்றால் வீட்டுக்கு ஆகாது என்றவர், அதைத் தொடவே இல்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப அக்கா மண்டையக் குடுத்தது எதுக்குடா?" என்று அத்தனை பேர் நடுவில் கத்தினேன்.

பெட்டியை இறக்கி எல்லோரும் மண் போட்டுக்கொண்டிருந்தபோது அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்தான். ஃபாதரும் சாந்தோம் சனமும் பார்க்க, ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினான். குழியைப் பார்த்து, பல் போன வாயைத் திறந்து காட்டினான். தனலட்சுமி அம்மா கட்டைவிரலை வைத்து இழுத்தார். செவ்வாயும் அதன்மேல் சேர்ந்த நாட்களும் மொத்தமாக உதிர்ந்து சனிக்கிழமை வந்தது. அவர் குழியோரம் குனிந்து ஃபோனை உள்ளே காட்டினார். "கிழிச்சிட்டேம்மா" என்றார்.

போய் வாருங்கள், அக்கா. நாளைக் காலை அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். நான் விடியும்போதே போய்விடுகிறேன்.