கறுப்புக் காரில் ஒரு வெள்ளைக் கோடு

எங்களுக்குக் காதர்பேட்டையில் பனியன் கம்பெனி. பணம் கட்டி, வருடக்கணக்கில் காத்திருந்து கறுப்புக் கார் வாங்கினோம். மறுநாளே, தையல் மெஷினடியில் கிடந்த பனியன் துண்டுகளை அள்ளிவந்து ஆசையாகத் துடைத்தேன். பானெட்டில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. கீறல் விழுந்துவிட்டதென்று கத்தினேன்.

என் மனைவி வந்து ஈரவிரலால் தேய்த்தாள். கோடு மறைந்துவிட்டது.

"துணியில மார்க் போட்ட சாக்பீஸுங்க," என்றபடி துண்டுகளை உதறினாள். ஒடிந்த ஊசி ஒன்று தரையில் விழுந்தது. "இது கீறியிருந்தா அழியுமாங்க?"

இப்போதெல்லாம், துவைத்துத் துவைத்துப் பூப்போலாகிவிட்ட, நான் கிழிசலோடு போட்டுக்கொண்டிருந்த பழைய பனியன்களால்தான் காரைத் துடைக்கிறேன். கார் வந்த பிறகுதான் பனியன் முதலாளி கிழியாத பனியன் போடுகிறார் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.