கஜனியின் பேரில் ஓடிய எடைச் சீட்டு

கஜனியைத் துரத்திய நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. மண்டபம் அகதி முகாமில் பிறந்தவள். அங்கிருந்தே படித்து, எங்கள் மீன் கம்பெனியின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்டவள். நான் ருக்ஸானா, எடை கவுண்டரில் இருக்கிறேன்.

எடைச் சீட்டு போடும் புரொசீஜரை, அதாவது பட்டனை அழுத்தினால் டேட்டாபேஸுக்குள் ஓடும் சின்ன நிரலை, அவள்தான் எழுதினாள். அதை யார் ஓட்டலாம் என்பது தனி அட்டவணையில் இருக்கும்: ஆள் பெயர், புரொசீஜர் பெயர், என்ன உரிமை. எனக்கு ஓட்டும் உரிமை மட்டும்தான். எடைக் கணக்கில் நேராகக் கை வைக்க முடியாது. நான் பட்டனை அழுத்தினால், எழுதியவளின் உரிமையில் அது உள்ளே போய்ப் பதியும்.

"நீங்க அமத்துங்கோ அக்கா, உள்ளுக்குப் போறது என்ட பேர்தான்" என்பாள்.

போட்ட எடையைப் பிறகு குறைக்கத் தனக்கு உரிமை வேண்டும் என்று மேனேஜர் தங்கப்பாண்டி கேட்டார். மீனவன் வயிற்றில் அடிக்கத்தான், வேறெதற்கு? கஜனி முடியாது என்றாள். அன்றிலிருந்து மனுஷன் சமயம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளில் நேரில் நிற்காவிட்டால் பதிவிலிருந்து பெயர் போய்விடும். அதற்காகச் சொல்லிவிட்டுத்தான் லீவு எடுத்தாள். மறுநாள் காலை கம்பெனி வாசலிலேயே தங்கப்பாண்டி மறித்தார்.

"கேம்ப்காரிக்கு இங்கன வேலை இல்ல. ஒன் லாகின நேத்து ராத்திரியே அழிச்சாச்சு, போ."

"ஐயோ, அழிச்சா எல்லாம் நிண்டிடும் சேர்..." என்றாள். காதில் வாங்கவில்லை. அழிக்கும்போது திரையில் எச்சரிக்கையும் வந்திருக்கிறது. அதையும் படிக்காமல் தள்ளிவிட்டிருக்கிறார்.

படகுகள் வந்தன. பட்டனை அழுத்தினேன். புரொசீஜர் இருந்தது, என் உரிமையும் இருந்தது. யார் பேரில் ஓட வேண்டுமோ அவர் இல்லை என்று நின்றுவிட்டது. சீட்டு இல்லாமல் கூடை நகராது.

"யோவ் மேனேஜரு, மீனு நாறப்போகுதுய்யா!" என்று படகுக்காரர் கூத்தையா கத்தினார்.

தங்கப்பாண்டி ஸ்பீக்கரில் போன் போட்டார். "கஜனி, ஒன் பேரத் திரும்ப எப்படிப் போடணும்னு மட்டும் சொல்லும்மா." இப்போது 'அம்மா' ஒட்டிக்கொண்டது!

"முகாமில பேர் போயிடக் கூடாதெண்டு நாள் முழுக்க வெயிலில நிண்டனான். இங்க நீங்களே அழிச்சுப்போட்டியள். நான் வந்தாத்தான் என்ட பேர் வரும் சேர். பேர் மட்டும் தனிய வராது."

வைத்துவிட்டாள். அவளைக் கூட்டிவரக் காரை எடுத்துக்கொண்டு பறந்தார் தங்கப்பாண்டி. முகாம் வாசலில் காவலர் மறித்துவிட்டாராம். வெளியாள் உள்ளே போக அனுமதி வேண்டும். நிற்கட்டும்.