மூன்று கடையும் ஒரு மூக்கும்

செத்தல் மிளகாயின் காம்பைக் கிள்ளி, இரண்டாக ஒடித்து, மூக்கருகே பிடித்துக்கொண்டு பத்மாசனி கண்ணை மூடுகிறாள். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் ஐயாத்துரை தராசைத் தூக்கிப் பிடித்தபடி அவளுடைய முகத்தையே பார்க்கிறார். "மழையிலை நனைஞ்சதை வெயிலிலை போட்டுக் காய வைச்சிருக்கு, மனேச்சர். நிறம் இருக்கு, உறைப்பு இல்லை." அவ்வளவுதான். பின்னால் நின்ற மூன்று பெண்கள் கையில் எடுத்த சில்லறையைத் திரும்பவும் முந்தானையில் முடிந்துகொள்கிறார்கள். ஐயாத்துரை தராசை இறக்குகிறார்.

கிளிநொச்சி ஐந்தாம் வாய்க்கால் குடியேற்றத்தில் கோயில் ஐயரின் சொல்லைத் தட்டுகிறவர்கள் உண்டு, ஊர்த் தலைவர் விதானையாரின் சொல்லைத் தட்டுகிறவர்கள் நிறையவே உண்டு. சாமான் விஷயத்தில் பத்மாசனியின் சொல்லைத் தட்ட ஆளில்லை. கரவெட்டியிலிருந்து கணவன் அப்புத்துரையோடும் நாலு பிள்ளைகளோடும் இங்கே வந்து மூன்று ஏக்கர் வயல் செய்கிறாள். வயல் வேலையில் அவளை விஞ்ச இருபது பேர் இருப்பார்கள். கடைக்குப் போவதில் ஒருத்தரும் இல்லை.

கடைகள் மூன்று. மூன்றுக்கும் கிளைகள் உண்டு. சங்கக்கடைக்கு வாய்க்காலுக்கு ஒரு கிளை. யாழ்ப்பாணத்துச் செல்வநாயகம் முதலாளிக்கு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பூநகரியிலும் கடை. முல்லைத்தீவு மஹ்றூப்பின் அண்ணன்மார் இருவர் அங்கேயே கடை வைத்திருக்க, இளையவரான மஹ்றூப் நம்முடைய சந்தியில் வைத்திருக்கிறார்; ஊருக்கு அவர் நானா, அதாவது அண்ணன். வவுனியாவில் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்துக்குப் போன பத்மாசனி, தாலி கட்டி முடிந்த கையோடு அங்குள்ள செல்வநாயகம் கடைக்கும் ஒரு நடை போய்வந்தாள். "ஒரே முதலாளி, ஒரே பருப்பு. அங்கை கல்லுப் பொறுக்கி விக்கினம், இஞ்சை கல்லோடை விக்கினம். கிளிநொச்சிச் சனத்துக்குப் பல்லுக் கூடவெண்டு நினைச்சினம் போலை."

அவளிடம் முடிவாகக் கேட்டால் ஒரே மூச்சில் சொல்லுவாள். "சங்கக்கடையிலை விலை நேர்மை, சாமான் ஏனோதானோ. செல்வநாயகத்தாரிட்டை மண்ணெண்ணையைத் தவிர எல்லாம் இருக்கு, விலையைக் கேட்டால்தான் தலை சுத்தும். மஹ்றூப் நானாவிட்டை பத்துச் சாமான்தான். பத்தையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்."

ஆகவே, ஒரு கடையோடு நிற்கமாட்டாள். ஒரே நாளில் மூன்றுக்கும் நடப்பாள். இரண்டு சதம் மலிவு என்று மண்ணெண்ணெய் சங்கத்தில், சீனி செல்வநாயகத்தாரிடம், அரசாங்கப் பங்கீட்டுக் கூப்பன் அரிசி மஹ்றூப்பிடம். ஆறு மைல் நடந்து ஆறு சதம் மிச்சம் பிடிப்பாள். கால் நோவுக்கு எண்ணெய் வாங்க எட்டுச் சதம் போகிறது என்று அப்புத்துரை சொல்லுவார். அந்தக் கதை அவள் காதில் ஏறாது.

ஆனைக்கும் அடி சறுக்கும். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் அவள் வீட்டு உலைப்பானையிலிருந்து மண்ணெண்ணெய் வாடை எழுந்தது. மஹ்றூப் கடையில் கடித்துப் பார்த்தபோது நல்ல அரிசி. அப்படியென்றால்? காட்டியது ஒரு சாக்கு, அளந்தது எண்ணெய்ப் பீப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்த வேறு சாக்கு. எடுத்தேன் கவிழ்த்தேன் என்று, வாய்க்காலில் குளிக்கப் போன இடத்தில் சொல்லிவிட்டாள். "நம்பினதுக்குச் சாக்கை மாத்திப் போட்டார் நானா."

தையில் புதுக் கூப்பன் புத்தகங்களைப் பதிய வேண்டும். எந்தக் கடையில் பதிகிறோமோ அங்கேதான் வருடம் முழுக்க அரிசி. சனமெல்லாம் மஹ்றூப்பை விட்டுச் சங்கத்துக்குப் போகப் போகிறது என்று ஊர் முழுக்கக் கதை. கூப்பன் இல்லாத கடைக்கு உப்பு வாங்கவும் ஆள் வராது. சந்திக் கடையைப் பூட்டிவிட்டு வரச்சொல்லி அண்ணன்மார் கடிதம் போட்டார்கள். ஒரு நாள் வழியில் மஹ்றூப் சைக்கிளை விட்டிறங்கி அவள் முன்னால் நின்றார்.

"தங்கச்சி, சாக்கு மாத்துற பழக்கம் நம்மட குடும்பத்துல இல்ல. கடை போறது போகட்டும். கள்ளன் எண்டு பேர் எடுத்துக்கிட்டு ஊருக்குப் போறதுதான் நோவா இருக்கு."

"என்ரை மூக்குப் பொய் சொல்லாது, நானா," என்றாள் பத்மாசனி. அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார்.

பதிவுக்கு முதல் நாள் காலையில் அப்புத்துரை தேநீரை வாயில் வைத்தவர் முற்றத்தில் துப்பினார். "இஞ்சேரப்பா, என்ன தேத்தண்ணி மண்ணெண்ணை மணக்குது?"

"செல்வநாயகத்தாரும் தொடங்கீட்டாரோ," என்று வாயெடுத்தவள் பாதியில் நிறுத்தினாள். சீனி அவர் கடையது; அங்கேதான் மண்ணெண்ணெய் கிடையாதே. குசினிக்குள் போய், மாச்சாக்கில் தைத்த கடைப்பையை எடுத்து, அடியை முகத்தில் வைத்தாள். கார்த்திகையிலிருந்து எண்ணெய்ப் போத்தலையும் கயிற்றில் தொங்கவிடாமல் அந்தப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நடக்கிறாள். போத்தலுக்கு அடைப்பு தென்னம்பொச்சு. நடை நடையாக அது கசிந்திருக்கிறது. வெட்கம் ஒரு பக்கம், ஒரு மனுசனைக் கள்ளனாக்கிவிட்டேனே என்ற பயம் ஒரு பக்கம்.

அப்புத்துரை நல்ல மனிதர், மனைவியின் மானத்தில் அக்கறை உள்ளவர். "உமக்கும் எனக்கும் தவிர ஆருக்குத் தெரியும்? பையைத் தோய்ச்சுப் போட்டால் அலுவல் முடிஞ்சுது. இதைச் சொன்னீரெண்டால், இனி இந்த ஊரிலை ஒரு குஞ்சும் உம்மட்டை விலை கேளாது."

அது உண்மை என்று அவளுக்கும் தெரியும். இத்தனை பெரிய குடியேற்றத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு மரியாதைதான். சவர்க்காரத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள், வாளியில் தண்ணீரும் அள்ளினாள். அள்ளிய தண்ணீரை வாழைக்கு ஊற்றிவிட்டுத் திரும்பி வந்தாள்.

மறுநாள் விதானையார் வீட்டு முற்றத்தில் பதிவு. புத்தகங்களோடு நாற்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள். பத்மாசனி வந்ததும், "அக்கா, சங்கம்தானே?" என்று முன்னால் நின்ற இரஞ்சிதம் கேட்டாள். மூலையில் மஹ்றூப் குடையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார்.

"என்னைக் கேளாதை, பிள்ளை," என்றாள் பத்மாசனி. "அண்டைக்குப் பிழை விட்டது என்ரை மூக்கு. நானாவின்ரை அரிசியிலை ஒண்டுமில்லை. நீங்கள் உங்கடை மூக்காலை பாருங்கோ."

கொண்டுவந்த பையை உள்வெளியாகப் புரட்டி, கறை பிடித்த அடியை இரஞ்சிதத்தின் முகத்துக்கு நேரே பிடித்தாள். இரஞ்சிதம் மணந்து பார்த்துவிட்டுத் தலையைப் பின்னால் இழுத்தாள். பத்மாசனி பையோடு அடுத்தவளிடம் நகர்ந்தாள்.