மூணும் வெளியே வந்துட்சி

பெட்டிக்குள் கையை விட்டு, பார்க்காமலே நடுவில் துளையுள்ள ஓர் இரும்பு புஷ்ஷை எடுக்கிறார் கன்னியப்பன். துளைக்குள் அளவு பார்க்கும் கேஜை நுழைத்துப் பார்க்கிறார். சரியாக இருந்தால் இடது கைப் பக்கம். பிசகாக இருந்தால் வலது பக்கச் சிவப்பு டிரே. இருபத்திரண்டு வருஷமாக அம்பத்தூர் எஸ்டேட்டின் ஒரு சின்னப் பட்டறையில் இதுதான் அவர் வேலை.

லேத்தில் கருவி மாற்றும்போது முதல் இரண்டு மூன்று உருப்படி கெட்டுப்போகும். லேத்காரர் பரந்தாமன் அவற்றையும் நல்லவற்றோடு கலந்து போட்டுவிட்டு, "இருபதுல மூணு போச்சு அண்ணாத்தே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். கன்னியப்பன் அசர மாட்டார். ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க, உள்ளே எத்தனை மிச்சம், அதில் கெட்டது எத்தனை என்று வாய்க்குள்ளேயே கணக்கு ஓடும். மூன்றாவது கெட்ட உருப்படியும் அகப்பட்டதும் பனியனில் கையைத் துடைத்துக்கொண்டு அறிவிப்பார்: "மூணும் வெளியே வந்துட்சி. இனிமே அத்தினியும் நல்ல சரக்கு." அந்தப் பேச்சு ஒருநாளும் பொய்த்ததில்லை.

பட்டறையில் யாராவது குழந்தை பிறந்ததென்று மிட்டாய் நீட்டினால் வாங்கிக்கொள்வார். ஆணா பெண்ணா என்று கேட்க மாட்டார். "தாயி எப்டி கீது?" என்பார். அவ்வளவுதான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அது விநோதமாக இருக்கும். பழையவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

எண்பத்து நாலாம் வருஷம் அவருக்கு மூன்று பெண்கள். மனைவி பூங்காவனத்துக்கு மூன்றாவது பிரசவத்திலேயே உடம்பில் ரத்தம் வற்றிப்போயிருந்தது. இன்னொன்று தாங்காது என்று நர்ஸம்மா சொல்லியிருந்தாள்.

"போதும்யா. ஆபரேசன் பண்ணிக்கிறேன்" என்றாள் பூங்காவனம்.

கன்னியப்பன் சிரித்தார். "மூணும் வெளியே வந்துட்சிமே. இனிமே வர்றது பையன்தான்."

"என் வயிறு இன்னா உன் கம்பெனி பொட்டியாயா?"

கன்னியப்பன் பிடிவாதத்தை விடவில்லை. தான் இத்தனை நாள் கையால் தொட்டு அறிந்த கணக்கு தப்பாது என்று நம்பினார். பூங்காவனம் நாலாவதையும் சுமந்தாள்.

பிரசவத்தன்று மத்தியானம் மச்சான் கோவிந்தன் பட்டறை கேட்டுக்கு வந்து நின்றார். "பொண்ணு மாமா. அக்கா உன்ன இட்டாரச் சொல்லிச்சி." கன்னியப்பன் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். ஷிப்டு முடியும்வரை கேஜைக் கீழே வைக்கவில்லை. முடிந்த பிறகும் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பூங்காவனத்தின் முகத்தை மூடியிருந்தார்கள். உதிரம் நிற்கவே இல்லையாம். "அவரு வந்தாரா?" என்று இரண்டு தரம் கேட்டாளாம். குழந்தைக்கு எல்லம்மா என்று பேர் வைத்ததும் கோவிந்தன்தான்.

பதிமூன்று வருஷம் அவர் எல்லாரையும் நொந்துகொண்டார். தலையெழுத்தை, சாமியை, வாய்விட்டுச் சொல்லாமல் அந்தக் குழந்தையையும். தன் கணக்கை மட்டும் அவர் சந்தேகிக்கவே இல்லை. ஏதோ ஒரு தரம் தவறிவிட்டது என்றே நினைத்திருந்தார்.

சென்ற மாதம் ஒரு காலை, திருமுல்லைவாயில் வீட்டில் மூன்றாவது மகள் ராணி பரீட்சைக்காக உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். பெட்டியிலிருந்து எடுத்த பந்தைத் திரும்பப் போடாவிட்டால், அடுத்து எடுப்பதன் வாய்ப்பு மாறும்; அது சார்பு நிகழ்ச்சி. நாணயத்தை எத்தனை முறை சுண்டினாலும் வாய்ப்பு மாறாது. அது சார்பிலா நிகழ்ச்சி.

சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்த கன்னியப்பன் நின்றார். "மாறாதுன்னா?"

"பத்து தரம் பூவே வுழுந்தாலும் பதினோராவதுக்கு அது தெரியாது நைனா. ஒவ்வொரு தரமும் புதுசு."

மகள் பக்கத்தில் வந்து கேட்டார்: "கொழந்த பொறக்கறது? அது பொட்டியா, நாணயமா?"

ராணி புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாணயந்தான். எங்க சாரே அந்தக் கணக்கு போட்டாரு. மூணு பொண்ணுக்கு அப்புறமும் பாதிக்குப் பாதிதான்."

கன்னியப்பன் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். வழக்கமான ரயில் கூவிக்கொண்டு போயிற்று.

அடுப்பங்கரையிலிருந்து எல்லம்மா டீ கொண்டுவந்தாள். அவளுக்குத் தாயின் அதே மெலிந்த மணிக்கட்டு. அவள் கையிலிருந்து அப்பா எதையும் வாங்கியதில்லை என்பதால், டம்ளரை ஓரடி தள்ளித் தரையில் வைப்பதுதான் அவள் அறிந்த வழக்கம். அன்று கன்னியப்பன் கையை நீட்டினார். தலைகுனிந்து வந்த எல்லம்மா அதைப் பார்க்கவில்லை. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று பையை மாட்டிக்கொண்டு போனாள். டீ ஆறி ஏடு படியும்வரை அவர் கையை மடக்கவில்லை.