கஸ்பார் பெயரைக் கொடுத்தவன்

இந்த லூயிஸ் கதை விடுகிறான் என்று என்னைப் பற்றி நினைப்பவர்கள் ராயபுரத்துக்கு வந்து விசாரிக்கலாம். அன்று கோயிலில் இருந்தவர்களில் பத்துப் பேராவது இன்னும் இருக்கிறார்கள். என்னோடுதான் பேச மாட்டார்கள். உங்களோடு பேசுவார்கள்.

1971, நவம்பர் இரண்டு. செவ்வாய்க்கிழமை. கல்லறைத் திருநாள்.

கஸ்பார் என்னோடு பதினோராம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் படித்தவன். சிநேகிதன் இல்லை. அவன் எனக்கு வைத்த பெயர் சோப்ளாங்கி. சத்தமில்லாமல் பின்னால் வந்து பிடரியை அமுக்குவான். வகுப்பே சிரிக்கும். படிப்பு முடிந்து நான் திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் ஆனேன். அவன் மீன்பிடி லாஞ்சில் ஏறினான். நான் ஆசைப்பட்ட ஐரீனை அவனுக்குத்தான் நிச்சயம் செய்தார்கள்.

அக்டோபர் இருபத்தெட்டில் அடித்த காற்றில் அந்த லாஞ்சு கவிழ்ந்தது. இரண்டு உடல்கள் காசிமேட்டில் ஒதுங்கின. கஸ்பாரும் அவன் தோஸ்து ஹென்றியும் கிடைக்கவில்லை.

கல்லறைத் திருநாள் பூசையில் இறந்தவர்கள் பெயர்களைச் சாமியார் வாசிப்பார். சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். கஸ்பாரின் அம்மா சிலுவையம்மாள் எழுத மறுத்துவிட்டாள்.

"பொணத்தக் காட்டு. அப்பால பேரு குடுக்கறேன்."

ஐரீனின் அம்மா வியாகுலம்மாள் என்னிடம் வேறு மாதிரி பேசினாள். "பேர வாசிச்சிட்டா பொண்ணு மன்சு ஆறிடும் நைனா. அப்பால உன் விசயம் பேசலாம்."

நான்தான் சீட்டு எழுதினேன். கையெழுத்து தெரியாமலிருக்க, இடது கையால்.

மாலை 6.10. "கஸ்பார்" என்று சாமியார் வாசித்தார்.

"எம்புள்ள சாவல சாமி! எந்தக் கய்த குடுத்தது?" சிலுவையம்மாள் அலறினாள். கோயிலே திரும்பிப் பார்த்தது.

அப்போதுதான் என் பின்னால் பெஞ்சு... கிறீச் என்றது. யாரோ பாரமாக உட்கார்ந்த மாதிரி. திரும்பினேன். யாரும் இல்லை. பலகை மட்டும் நனைந்திருந்தது.

6.50. கல்லறைத் தோட்டம். கடலோடு போனவர்களுக்குக் குழி கிடையாது. பெரிய சிலுவையின் அடியில் மெழுகுவர்த்தி வைப்பார்கள். ஐரீன் எதிரே நின்றாள். அவள் பார்க்கட்டும் என்றே கஸ்பாருக்கு ஒன்று கொளுத்தினேன்.

ஸ்ஸ்...

அணைந்தது. காற்று இல்லை. சுற்றிலும் நூறு மெழுகுவர்த்திகள் ஆடாமல் எரிந்தன.

மறுபடி கொளுத்தினேன்.

ஸ்ஸ்...

ஈர விரலால் திரியைக் கிள்ளுகிற சத்தம். தொட்டுப் பார்த்தேன். திரி சொதசொதவென்று இருந்தது.

மூன்றாவது குச்சியைக் கிழித்தேன்.

பிடரியில் ஒரு கை விழுந்தது.

குளிர்ந்த கை.

அமுக்கியது... முகம் சுடரை நோக்கி இறங்கியது... புருவம் பொசுங்கியது...

"இன்னா சோப்ளாங்கி... அவ்ளோ அவசரமா?"

எப்படி ஓடினேன், தெரியாது. வீட்டில் சட்டையைக் கழற்றினேன். காலர் ஈரம். கழற்றும்போது உதட்டில் பட்டது.

உப்பு.

மறுநாள் காலை ஹென்றியிடமிருந்து தந்தி வந்தது. நெல்லூர்ப் பக்கத்துப் படகு ஒன்று இருவரையும் காப்பாற்றியதாம். இருவரும் ஆஸ்பத்திரியில் நலமாம். முந்தின நாள் பகலில் கொடுத்த தந்தி. சிலுவையம்மாள் தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

நான்காம் தேதி ஹென்றி வந்தான்.

தனியாக.

சிலுவையம்மாள் வீடு நிறைய ஆட்கள். நானும் ஐரீனும் ஒரே சுவரோரம் நின்றோம்.

"நல்லாத்தான் இருந்தான்," என்றான் ஹென்றி. "செவ்வாக்கெழம சாய்ந்தரம் ரொட்டி துன்னுகினு இருந்தான். ஆறு மணி தாண்டி பத்து நிமிசம். டக்குனு நிமிந்தான். 'எவனோ எம்பேர செத்தவன் பேரோட சேக்கறான் மாமு. யாருனு பாத்துட்டு வரேன்'னான். அப்டியே சாஞ்சிட்டான். வாயிலேர்ந்து தண்ணி... கட்டிலெல்லாம் கடல் தண்ணி..."



ஹென்றி மூக்கை உறிஞ்சினான். "யாருனு பாத்தானோ, இன்னாவோ."

"பாத்துட்டான்," என்றாள் ஐரீன்.

சுவரை விட்டு விலகி, நான்கடி தள்ளிப் போய் நின்றாள்.

"சிலுவையடில லூயிஸ் பின்னாடிதான் நின்னுகினு இருந்தான். கழுத்தப் புட்ச்சிகினு."